கடலுக்குப் போகிறவன் கண்ணுக்கு லேசர் வைக்கலாமா?

பாம்பன்காரன் கேட்டது:

வணக்கம். வயது 24, ஊர் பாம்பன். ராமேஸ்வரத்தில் இருந்து விசைப்படகில் கடலுக்குப் போகிறேன். ஆறாம் வகுப்பில் கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்ன நாளில் இருந்து கண்ணாடி போடுகிறேன். இப்போது இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 5.5. அது போக கண்ணின் வளைவு ஒரே சீராக இல்லாததற்கான பவர், சிலிண்டர் என்பார்கள், 1.25. கழற்றிவிட்டால் முகத்துக்கு ஒரு சாண் தள்ளி இருப்பதெல்லாம் மங்கல்தான். இரண்டு வருடமாகப் பவர் ஏறவில்லை.

காலையில் கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு கிளம்பினால் மறுநாள் காலையில்தான் கரை. தண்ணீர் தெறித்துக்கொண்டே இருக்கும். அது காய்ந்து கண்ணாடி மேல் உப்பு வெள்ளையாகப் படியும். துடைக்கக் கையில் இருப்பது ஈர பனியன், அதிலும் உப்பு. துடைக்கத் துடைக்கக் கீறல்தான் விழும். மூன்று வருடத்தில் நாலு கண்ணாடியைக் கடலில் விட்டிருக்கிறேன்.

கடைசிக் கண்ணாடி போனது கார்த்திகையில். வாடைக்காற்று பலமாக அடித்த ராத்திரி. வலையின் மடியைத் தூக்கும்போது கயிறு உதறியதில் கண்ணாடி தெறித்துவிட்டது. மணி இரண்டு இருக்கும். அப்புறம் விடியும் வரை நான் படகில் ஒரு சுமைதான். எதிரே ஒரு படகின் வெளிச்சம் வந்தது. நான் முன்னால் இருந்ததால் டிரைவர் அண்ணன் என்னைத்தான் கேட்டார், "எந்தப் பக்கம் போறான் பாருடா, சிவப்பு தெரியுதா பச்சை தெரியுதா?" என்று. படகின் இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை, அதை வைத்துத்தான் போகிற திசை தெரியும். எனக்கு எல்லா விளக்கும் ஒன்றாகக் கலந்து பெரிய பூ விரிந்த மாதிரி தெரிந்தது. பிரித்துச் சொல்ல முடியவில்லை. அந்தப் படகு விலகிப் போய்விட்டது. ஆனால் நம் படகில் ஐந்து பேர் இருந்தோம். அன்றைக்கு முடிவு செய்தேன், இதற்கு ஒரு வழி பார்க்க வேண்டும் என்று.

கான்டாக்ட் லென்ஸும் இரண்டு மாதம் போட்டுப் பார்த்தேன். படகில் கழற்ற வசதி இல்லாமல் போட்டபடியே தூங்கினேன். ஒரு நாள் உறுத்தியதால் கழற்றிக் குடிதண்ணீரில் கழுவித் திரும்பப் போட்டேன். மூன்றாம் நாள் கண் சிவந்து வீங்கிவிட்டது. ராமநாதபுரத்தில் காட்டிச் சொட்டு மருந்து விட்டுச் சரியானது. அதோடு லென்ஸை விட்டுவிட்டேன்.

கண்ணாடிப் பவரை லேசரால் சரிசெய்யும் ஒரு இடத்துக்கு போன் செய்து விசாரித்தேன். "இருபது நிமிஷ வேலை தம்பி, மறுநாளே வேலைக்குப் போகலாம், பயமே வேண்டாம்" என்றார்கள். என்ன வேலை பார்க்கிறாய் என்று யாரும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது.

நான் தெரிந்துகொள்ள நினைப்பது: ராத்திரி விளக்கைச் சுற்றி வளையம் தெரியும் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் உண்மை? உப்புத் தண்ணீரும் கச்சான் காற்றும் முகத்தில் அடிக்கும் வேலைக்கு இது தாங்குமா? வலை உதறும்போது சொறி (ஜெல்லி மீன்) தெறித்துக் கண்ணில் படுவது எங்களுக்குச் சாதாரணம். அப்படிப் பட்டால் என்ன ஆகும்? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் படகு கரையில்தான். அதற்குள் முழுதாக ஆறிவிடுமா?

அம்மா, "நெருப்பை வச்சுக் கண்ணைச் சுடப் போறாங்க" என்று அழுகிறார். அவருக்கும் ஒரு பதில் வேண்டும்.


கீழக்கரை காக்கா எழுதியது:

தம்பி, நான் 2014இல் லேசிக் என்ற லேசர் ஆபரேஷன் செய்துகொண்டேன். அப்போது வயது 31, பவர் மைனஸ் 4. துபாயில் வேலை. ஒரு மாத லீவில் ஊருக்கு வந்தபோது செய்தது.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். மரத்துப்போக சொட்டு மருந்து மட்டும்தான், ஊசி கிடையாது. இமையை மூட முடியாதபடி ஒரு கம்பி வைத்தார்கள். கண்ணை ஏதோ பிடித்து அழுத்துகிற மாதிரி இருந்தது, கொஞ்ச நேரம் பார்வை இருண்டுபோனது. அதுதான் எனக்கு மோசமான நேரம். முன்கூட்டியே சொல்லியிருந்ததால் தாங்கினேன். அப்புறம் மினுக்கும் ஒரு விளக்கையே பார்க்கச் சொன்னார்கள். முடி கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. சூடு தெரியவில்லை. ஒரு கண்ணுக்கு லேசர் ஓடியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. மறுநாள் காலையில் எங்கள் தெருப் பள்ளிவாசல் மினாரா கண்ணாடி இல்லாமல் தெரிந்தபோது அழுதுவிட்டேன். அதையும் மறைக்கக் கூடாது.

இப்போது மற்றது. பன்னிரண்டாம் நாளே திரும்பிப் போய்விட்டேன். அங்கே ஆபீஸ் முழுக்க ஏசி. மதியத்துக்கு மேல் கண்ணில் மணலைக் கொட்டிய மாதிரி ஆகிவிடும். எட்டு மாதம் பையில் சொட்டு மருந்து இல்லாமல் வெளியே போனதில்லை. எனக்குக் கண் வறட்சி முன்பே கொஞ்சம் இருந்திருக்கிறது. செய்த இடத்தில் அதைச் சோதிக்கவில்லை. காலையில் பரிசோதனை, மாலையில் ஆபரேஷன் என்று முடித்துவிட்டார்கள். நானும் லீவு முடிகிற அவசரத்தில் எதுவும் கேட்கவில்லை. அவசரப்படாதீர்கள் தம்பி. நான் சொல்ல வருவது அது ஒன்றுதான்.

ராத்திரி கார் ஓட்டும்போது எதிரே வரும் விளக்குகளைச் சுற்றி முதல் நாலைந்து மாதம் வளையமும் சிலிர்த்த கதிர்களும் தெரிந்தன. பிறகு குறைந்தது. இன்றும் மழை நாளில் லேசாக உண்டு. 40 தாண்டியதும் படிக்கிற கண்ணாடி வந்துவிட்டது. இது லேசிக்கால் வந்தது இல்லை, எல்லோருக்கும் அந்த வயதில் வருவதுதான். ஆனால் "இனிமேல் ஆயுசுக்கும் கண்ணாடியே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

திரும்பச் செய்வேனா என்றால், செய்வேன். ஆனால் வறட்சியைச் சரிபார்த்துவிட்டு, இரண்டு மாதம் ஊரில் இருக்கிற மாதிரி பார்த்துச் செய்வேன்.


உச்சிப்புளி அக்கா எழுதியது:

நான் உச்சிப்புளிப் பெண். மதுரையில் கண் பரிசோதனைப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். நான் டாக்டர் இல்லை. லேசருக்கு வருகிறவர்களை மெஷின் முன்னால் உட்கார வைத்து அளவெடுக்கும் வேலை என்னுடையது. தம்பி, உங்கள் கண்ணைப் பார்க்காமல் "செய்யலாம்" என்று நான் சொன்னால் அது தப்பு. எதைப் பார்த்து முடிவு செய்வார்கள் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் அம்மாவுக்கு. இந்த லேசர் சுடுவதில்லை. எக்சைமர் என்று பெயர். 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி. சதையில் உள்ள மூலக்கூறுகளின் பிணைப்பை அறுத்து, ஒரு மைக்ரானுக்கும் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான தடிமனில் ஏடு ஏடாக எடுக்கும். பக்கத்தில் இருக்கும் சதை கருகாது. இது சதையைக் கருக்காமல் வெட்டும் என்று 1981 நவம்பரில் அமெரிக்காவின் ஐபிஎம் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர்களில் ரங்கசாமி சீனிவாசன் ஒருவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். பண்டிகைக்குச் சமைத்து மீந்த வான்கோழித் துண்டில்தான் முதலில் சோதித்துப் பார்த்தார்களாம். நம் ஊரில் படித்த ஒருவர் கை வைத்த விஷயம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். எங்களிடம் வரும் அம்மாக்களிடம் நான் இதைத்தான் சொல்வேன், பாதிப் பயம் போய்விடும்.

அடுத்தது கணக்கு. கருவிழி என்று நாங்கள் சொல்வது கண்ணின் முன்னால் இருக்கும் கண்ணாடி போன்ற படலம். அதன் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான், அரை மில்லிமீட்டரை விடக் கொஞ்சம் கூடுதல். கிட்டப்பார்வையைச் சரிசெய்ய அதில் நடுப்பகுதியைச் செதுக்கித் தட்டையாக்குகிறார்கள். ஒரு பவருக்கு 12 முதல் 15 மைக்ரான் வரை போகும். உங்களுக்கு 5.5, அதோடு சிலிண்டரையும் சேர்த்தால் 95 மைக்ரான் போல ஆகும். லேசிக் முறையில் இதற்கு முன்னால் மேலே ஒரு மெல்லிய மடல் வெட்டி, புத்தக அட்டையைத் திறப்பது போலத் திறப்பார்கள். மடல் 110 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கருவிழி 510 என்றால் மடலுக்குக் கீழே 305 மிஞ்சும். 250க்குக் கீழே போகவே கூடாது, 300 இருப்பது நல்லது என்பது வழக்கம். அந்தக் கணக்கில் தப்பித்துவிடுவீர்கள். ஆனால் மடலும் செதுக்கலும் சேர்ந்து 205 ஆகிறது, அது மொத்தத் தடிமனில் 40 சதவீதத்தைத் தொடுகிறது. 40ஐத் தொட்டால் பின்னாளில் கருவிழி தளர்ந்து முன்பக்கமாகப் பிதுங்கும் ஆபத்து கூடும். வந்தால் திரும்பச் சரிசெய்வது மிகக் கஷ்டம். அரிதுதான், ஆனாலும் நாங்கள் நடுங்குவது இதற்குத்தான்.

அதனால்தான் உங்கள் வேலையை யாரும் கேட்கவில்லை என்று படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மடல் மேலோட்டமாக ஒட்டிக்கொள்ளுமே தவிர முன்பு இருந்த பலத்தோடு ஒட்டாது. வருடங்கள் கழித்து விரலோ குச்சியோ பலமாகப் பட்டு மடல் நகர்ந்தவர்கள் இருக்கிறார்கள். கயிறும் வின்ச்சும் மடியும் இருக்கிற படகில் உங்களுக்கு மடல் வேண்டாம் என்றுதான் பெரும்பாலான டாக்டர்கள் சொல்வார்கள். மடல் இல்லாமல் இரண்டு வழி உண்டு. ஒன்று பிஆர்கே. மேல்தோலை மட்டும் நீக்கிவிட்டு நேராகச் செதுக்குவது. அமெரிக்காவில் 1995இலேயே அனுமதி பெற்ற பழைய முறை. மேல்தோல் தானே வளர்ந்துவிடும். இன்னொன்று ஸ்மைல். சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு மெல்லிய வில்லையை உருவி எடுப்பது. அது எல்லா இடத்திலும் இல்லை, செலவும் கூடுதல்.

பிஆர்கேயில் வலி உண்டு, அதை மறைக்க மாட்டேன். மூன்று நாலு நாள் கண் எரியும், நீர் கொட்டும், வெளிச்சம் பார்க்க முடியாது. மேலே ஒரு பேண்டேஜ் லென்ஸ் வைத்திருப்பார்கள். ஒரு வாரத்தில் நடமாடலாம். பார்வை கூர்மையாக ஒன்று முதல் மூன்று மாதம். 61 நாள் உங்களுக்குப் பொருத்தமாகத்தான் தெரிகிறது, ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. பிஆர்கே செய்த கண்ணில் கடும் வெயில் பட்டால் கருவிழியில் வெண்மையான மங்கல் படியலாம். சித்திரை வைகாசி வெயிலும் கடல் பளபளப்பும் உங்களுக்குத் தெரியாததா? நல்ல கூலிங் கிளாஸ், தொப்பி, பல மாதத்துக்கு.

ராத்திரி வளையம் பற்றிக் கேட்டீர்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் லேசிக் செய்தவர்களைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், முன்பு வளையமே தெரியாதவர்களில் 40 சதவீதம் பேர் வரை மூன்றாம் மாதத்தில் வளையம் தெரிகிறது என்றார்கள். வறட்சி இல்லாதவர்களில் 28 சதவீதம் பேர் வரை புதிதாக வறட்சி வந்ததாகச் சொன்னார்கள். அன்றாட வேலையே மிகவும் சிரமமாகும் அளவுக்கு ஆனது ஒரு சதவீதத்துக்கும் குறைவு, 95 சதவீதத்துக்கு மேல் பார்வை திருப்தி என்றார்கள். ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவருக்குத் திருப்தி என்பதும், இருட்டில் சிவப்பு பச்சை பிரிக்க வேண்டிய உங்களுக்குத் திருப்தி என்பதும் வேறு. இருட்டில் உங்கள் பாப்பா (கண்ணின் நடுவில் தெரியும் கறுப்பு வட்டம்) எவ்வளவு விரிகிறது என்று அளந்து தரச் சொல்லுங்கள். லேசர் படும் வட்டத்தைவிட அது பெரிதாக விரிந்தால் வளையத்துக்கு வாய்ப்பு கூடும்.

வறட்சிக்கு, கீழ் இமையில் ஒரு காகிதப் பட்டையை ஐந்து நிமிடம் வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்ப்போம். 10 மில்லிமீட்டருக்கு மேல் நனைந்தால் பெரும்பாலும் சரி. கீழக்கரைக் காக்காவுக்கு அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்திருந்தால் எட்டு மாதம் மிஞ்சியிருக்கும்.

பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்காமல் யாராவது தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். மைனஸ் 5.5 என்றால் உங்கள் கண் உருண்டை நீளமானது. உள்ளே விழித்திரை ஓரங்களில் இழுபட்டு மெலிந்திருக்கலாம். முன்னால் கருவிழியைச் செதுக்குவதால் பின்னால் இருக்கும் அந்த ஆபத்து போகாது.

கடைசியாக ஒன்று. லென்ஸை இரண்டு மாதம் போட்டதாகச் சொன்னீர்கள். படகில் போட்டபடி தூங்கி, தண்ணீரில் கழுவிப் போட்டும் கண் தப்பியது உங்கள் அதிர்ஷ்டம். கருவிழியில் புண் வந்து பார்வை போனவர்களை வாரம் ஒருவரையாவது பார்க்கிறேன். அந்த லேசர் அபாயத்தை எல்லாம் விட இது பெரிய அபாயம். இனித் தொடாதீர்கள்.


தேவிபட்டினம் டீச்சர் எழுதியது:

மேலே சொன்ன "பிதுங்கும்" விஷயம் எங்கள் வீட்டில் நடந்தது. என் மகனுக்கு 20 வயது. கடலோரக் காவல் படையில் சேர வேண்டும் என்று சின்ன வயதில் இருந்தே ஆசை. கண்ணாடி இருந்தால் ஆகாது, லேசர் செய்துவிட்டுப் போகிறேன் என்று நின்றான். மதுரைக்குப் போனோம். கருவிழியின் படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, கண்ணை உனக்கு அடிக்கடி கசக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டார்கள். உண்டு. தூசி ஒவ்வாமை, பால்வாடி நாளில் இருந்தே கசக்குவான். கெரட்டோகோனஸ் ஆரம்பம் என்றார்கள். கருவிழி ஏற்கெனவே கூம்பாகிக்கொண்டிருக்கிறது, அதில் செதுக்கினால் இன்னும் மோசமாகும், லேசர் கூடவே கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஒரு மாதம் எங்களோடு பேசவில்லை. இன்னொரு இடத்தில் செய்துவிடுவார்கள் என்று நண்பர்கள் சொல்லி, பணம் கேட்டான். நான் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு ரைபோஃபிளேவின் சொட்டு விட்டுப் புற ஊதா ஒளி காட்டிக் கருவிழியை இறுக்கும் சிகிச்சை செய்தோம். மேற்கொண்டு ஏறாமல் நின்றிருக்கிறது. போன வாரம்தான் அவனாகவே வந்து, "நல்லவேளைம்மா" என்றான். தம்பி, உங்களுக்கு வேண்டாம் என்று சொன்னால் அந்த டாக்டரை விட்டு வேறு டாக்டரைத் தேடாதீர்கள். அவரிடமே ஏன் என்று கேளுங்கள்.

இங்கே படிக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று. படையிலோ போலீசிலோ சேரும் ஆசை இருந்தால், கண்ணில் கை வைப்பதற்கு முன்னால் அந்த வேலையின் அறிவிப்பில் லேசர் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். வேலைக்கு வேலை விதி மாறுகிறது.


மண்டபம் டிரைவர் எழுதியது:

தடைக்காலத்தில் சும்மா இருப்போம் என்று தம்பி கணக்குப் போட்டிருக்கிறார். அப்போதுதானே படகைக் கரையில் ஏற்றிச் சுரண்டித் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறோம். பழைய பெயிண்ட் தூள் கண்ணில் விழாத ஆள் உண்டா? போன வருடம் எனக்கு ஒரு துகள் குத்தி, ராமநாதபுரத்தில் போய் எடுத்தேன். லேசர் வைத்தால் அந்த வருடம் படகு வேலைக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள். கூலி போனால் போகிறது. ஓனரிடம் மாசியிலேயே சொல்லிவைத்துவிடுங்கள், கடைசி நேரத்தில் சொன்னால் அவருக்கும் கஷ்டம்.

அப்புறம், கண்ணாடிக்குப் பின்னால் கட்டுகிற எலாஸ்டிக் பட்டை ராமேஸ்வரத்தில் கிடைக்காவிட்டால் பழைய டயர் டியூபை வெட்டி நானே செய்து தருகிறேன். அப்பாவுக்குச் செய்து கொடுத்தேன், ஆறு வருடமாக ஒரே கண்ணாடி.


பாம்பன்காரன் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவுக்கு எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். வான்கோழி விஷயத்தை இரண்டு தடவை கேட்டார்.

அக்கா, தடைக்காலம் முடிந்து ஜூன் 15 ராத்திரியே படகு ஏறினால் சரியா? உப்புத் தண்ணீர் கண்ணில் பட்டால்? அதைச் சொல்லவில்லை நீங்கள்.


உச்சிப்புளி அக்கா எழுதியது:

குறைந்தது ஒரு மாதம் கடல் தண்ணீரும் குளத்துத் தண்ணீரும் கண்ணில் படக் கூடாது. அதற்குப் பிறகு தெறிப்பது பிரச்சினை இல்லை, எரிந்தால் சொட்டு மருந்து விட்டுக்கொள்ளலாம். சொறி தெறித்தால் யாராக இருந்தாலும் கசக்காமல் நிறையக் கழுவிவிட்டுக் கரைக்கு வந்ததும் காட்ட வேண்டும். ஜூன் 15 பற்றி அப்போதைய பரிசோதனையில் டாக்டர்தான் சொல்ல வேண்டும். முதல் சில நடையில், படகின் முன்பக்கம் உட்கார்ந்து வெளிச்சம் பார்க்கும் வேலையை வேறொருவரிடம் கொடுங்கள்.

இன்னொன்று எனக்கு மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. பிஆர்கேக்குப் பிறகு ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் தருவார்கள், படிப்படியாகக் குறைப்பார்கள். அது சிலருக்குக் கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். வலி இருக்காது, தெரியவே தெரியாது. மறுபரிசோதனைக்கு மதுரை போகச் சோம்பல்பட்டு, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் அதே மருந்தை வாங்கி வாங்கி விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். பார்வை நரம்பு போன பிறகு வந்தார்கள். டாக்டர் நிறுத்தச் சொன்ன அன்றே நிறுத்துங்கள். தேதிக்குத் தேதி போங்கள். முதல் பரிசோதனையின் அளவுகள் எல்லாவற்றையும் பிரிண்ட் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். வயதான காலத்தில் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் லென்ஸைக் கணக்கிட அது வேண்டும்.


பாம்பன்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மதுரைக்குப் போய் வந்தேன். காலை ரயிலில் அம்மாவும் கூட வந்தார். ஒரு நாள் முழுக்கப் பரிசோதனை.

கருவிழி வலது 511, இடது 507. படம் ஒழுங்காக இருக்கிறது, கூம்பு இல்லை என்றார்கள். காகிதப் பட்டை 14, 12. இருட்டில் பாப்பா 6.5 மில்லிமீட்டர். இவர்கள் முதல் கேள்வியாகவே என்ன வேலை என்று கேட்டார்கள். விசைப்படகு என்றதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கயிறு, காற்று, ராத்திரி வேலை எல்லாம் விசாரித்தார். லேசிக் வேண்டாம், செய்வதாக இருந்தால் பிஆர்கே என்றார். வளையம் கொஞ்சம் இருக்கும், முதல் மூன்று மாதம் அதை எதிர்பார்த்துக்கொள் என்று நேராகச் சொன்னார்.

ஆனால் மதியம் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தபோது இடது கண்ணில் ஓரத்தில் ஒரு மெலிந்த இடமும், அதில் ஊசி முனை அளவு ஒரு ஓட்டையும் இருந்தது. எனக்கு ஒரு அறிகுறியும் இல்லை. விட்டுவைத்தால் அங்கிருந்து விழித்திரை கழன்று வரலாம் என்றார்கள். அன்றைக்கே அதைச் சுற்றி லேசரால் அடைத்தார்கள். இது சுடுகிற லேசர்தான், வேறு வகை. அம்மா வெளியே ஜெபமாலையோடு உட்கார்ந்திருந்தார். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது, இரண்டு மூன்று தடவை சுருக்கென்றது. பத்து நிமிடம் ஆகியிருக்காது.

அக்கா, விழித்திரையைப் பார்க்காமல் தேதி கொடுத்தால் எழுந்து வந்துவிடு என்ற அந்த ஒரு வரியை நீங்கள் எழுதாமல் இருந்திருந்தால் நான் போன் செய்த இடத்திலேயே செய்திருப்பேன்.

ஏப்ரல் முதல் வாரம் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார்கள். ஓட்டையைச் சுற்றி நன்றாக ஒட்டியிருந்தால்தான் பிஆர்கே. இல்லையென்றால் அடுத்த தடைக்காலம். ஓனரிடம் சொல்லிவிட்டேன், பெயிண்ட் வேலைக்குத் தங்கச்சிமடத்தில் ஒரு ஆள் பார்த்திருக்கிறார். கண்ணில் மின்னல் வெட்டுவது போலவோ கரும்புள்ளிகள் பறப்பது போலவோ திரை விழுவது போலவோ தெரிந்தால் எந்த நேரமானாலும் உடனே வரச் சொன்னார்கள். அதை டிரைவர் அண்ணனிடமும் சொல்லி வைத்திருக்கிறேன், நடுக்கடலில் தெரிந்தால் படகைத் திருப்ப வேண்டும் என்பதால். திருப்புவேன் என்றார்.

மண்டபம் அண்ணே, பட்டை செய்து தாருங்கள். புதன்கிழமை டோக்கன் இருக்கிறது, செவ்வாய் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்கிறேன்.